பூட்டிய கட்டுரைகளும் திறந்திருக்கும் வழிகளும்

சென்ற வருடம் நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு என் பழைய மாணவி ஒருத்தி போன் எடுத்தாள். உயர்தரத்தில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடிமுறை பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"சேர், நம்மட ஊர்ப்பக்கத்தப் பத்தின கட்டுரதான். தலைப்பு இரிக்கி, சுருக்கம் இரிக்கி. உள்ள போகப் பார்த்தா சல்லி கேக்குது."

"எவ்வளவு மகள்?"

"39 டொலர் சேர். அதுவும் ஒரு நாளைக்கு மட்டுந்தானாம்."

அன்றைய மாற்று விகிதத்தில் அது 12,000 ரூபாவை நெருங்கும். அவளுடைய வாப்பா ஓட்டோ ஓட்டுபவர். ஆய்வேட்டைக் கையளிக்க ஐந்து கிழமைதான் மிச்சம். நமது உம்மாமார் எந்தக் குடி, மூத்தம்மாமார் எந்தக் குடி, ஒரே குடிக்குள் ஏன் கலியாணம் பேசுவதில்லை என்பதையெல்லாம் ஆராய்ந்த கட்டுரை அது. அதை வாசிக்க அந்தக் குடியில் பிறந்த பிள்ளையிடம் கடனட்டை இருக்க வேண்டும்!

"பொறு மகள், காசி கட்டாத. ரெண்டு நாள் தா, பாப்பம்" என்றேன்.

நான் கணினித் துறை சார்ந்தவன் அல்லன். தமிழ் சிறப்புப் பட்டம் முடித்து, பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருப்பவன். அந்த இரண்டு நாளும் அதற்குப் பிந்திய மாதங்களும் தேடித் தேடித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். நம் வாசகர்களில் ஆசிரியர்கள், வெளிவாரிப் பட்டதாரி மாணவர்கள், பென்சன் எடுத்த பின் ஊர் வரலாறு எழுத உட்கார்ந்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

வாசித்தால்தான் பதில் எழுதலாம்

'வெளிநாட்டுக்காரர் எழுதிய கட்டுரையை வாசிக்காவிட்டால் என்ன குறைந்துவிடும்?' என்று சிலர் கேட்கலாம். அதற்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1888 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர் என்பதே அவரது வாதம். அக்கட்டுரை அந்தச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு நூல் எழுதினார். இருவரில் யார் சொன்னது சரி என்பது வேறு விடயம். அப்துல் அஸீஸின் கைக்கு அந்தக் கட்டுரை எட்டியது. எட்டியதனால் வரிக்கு வரி பதில் எழுத முடிந்தது. எட்டியிராவிட்டால் நம்மைப் பற்றி ஒரு பக்கத்தின் பேச்சு மட்டுமே பதிவாகியிருக்கும்.

இன்று நம்மைப் பற்றி எழுதப்படுவது அன்றைவிட அதிகம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றில் களஆய்வைத் தொடங்கினார். அங்குள்ள தமிழர், முஸ்லிம்களின் சமூக அமைப்பைப் பற்றிய அவரது பெரிய நூல் 2008 இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகத்தினால் வெளியிடப்பட்டது. இப்படி எத்தனையோ ஆய்வுகள். நம் ஊரில் பெரும்பாலானோர் அவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

சுவர் எங்கிருந்து வந்தது?

ஆய்வுச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதுகிறவருக்கு வெளியீட்டு நிறுவனம் பொதுவாகச் சன்மானம் கொடுப்பதில்லை. கட்டுரையைப் படித்துக் குறைநிறை சொல்லும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் சும்மாதான் செய்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். பல நாடுகளில் அது மக்களின் வரிப்பணம். கட்டுரை ஏற்கப்பட்டதும் எழுதியவர் அதன் பதிப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். நிறுவனம் அதைச் சஞ்சிகையில் போட்டு, அதே பல்கலைக்கழகங்களின் நூலகங்களுக்குச் சந்தாவுக்கு விற்கிறது. தன் வயலில் விளைந்த நெல்லைத் தானே கடையில் காசு கொடுத்து வாங்குவது போன்ற கணக்கு. சந்தா கட்டாத நிறுவனத்தில் இருப்பவரும், எந்த நிறுவனத்திலும் இல்லாதவரும் தனிக் கட்டுரைக்குக் காசு கட்ட வேண்டும். இதைத்தான் 'பேவோல்', அதாவது கட்டணச் சுவர் என்கிறார்கள்.

பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கே இந்தச் சந்தா தாங்கவில்லை. 2012 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் சஞ்சிகைகளுக்கான வருடச் செலவு 37.5 இலட்சம் டொலரை நெருங்கிவிட்டது, இப்படியே தொடர முடியாது என்று தன் விரிவுரையாளர்களுக்கு அறிவித்தது. அவர்களுக்கே அப்படியென்றால் நம் நூலகங்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாற்றாக எழுந்ததுதான் 'திறந்த அணுக்கம்' என்னும் இயக்கம். 2002 இல் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் இரண்டு வழிகளைச் சொன்னது. ஒன்று, சஞ்சிகையே எல்லோருக்கும் இலவசமாக இருப்பது. மற்றது, சஞ்சிகை பூட்டியிருந்தாலும் எழுதியவர் தன் கட்டுரையின் ஒரு பிரதியைப் பொதுக் களஞ்சியமொன்றில் வைப்பது.

இந்த இரண்டாவது வழியைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு: சஞ்சிகைக்கு அனுப்புமுன் உள்ள முன்வரைவு, திருத்தங்கள் முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதி, நிறுவனம் அச்சுக்கோத்து வெளியிட்ட இறுதி வடிவம். பெரும்பாலான நிறுவனங்கள் விற்பது மூன்றாவதை. முதலிரண்டையும் எழுதியவர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. சில ஒரு காலம் கழிந்த பின் அனுமதிக்கின்றன. ஆகவே முன்வாசல் பூட்டியிருக்கும் கட்டுரை ஒன்றுக்குப் பக்கவாசல் சட்டப்படியே திறந்திருக்கலாம். அந்த வாசலைக் காட்டுவதுதான் கீழே சொல்லும் கருவிகளின் வேலை.

தேடும் முறை

முதலாவது, கூகுள் ஸ்கொலர். கட்டுரையின் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். வலப்பக்கத்தில் 'பீடிஎஃப்' என்று ஒரு இணைப்புத் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால், கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் எத்தனை 'வேர்ஷன்' இருக்கிறது என்று காட்டும். அதை அழுத்தினால் அந்தக் கட்டுரை இருக்கும் எல்லா இடங்களும் வரும். பலர் முதல் இணைப்பை மட்டும் அழுத்திவிட்டு 'இல்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான்.

இரண்டாவது, 'அன்பேவோல்'. இது இலாப நோக்கமற்ற அமைப்பொன்று நடத்தும் இலவசக் கருவி. கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபொக்ஸ் உலாவியில் இணைத்துக்கொள்ளலாம். பிறகு பூட்டிய கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் தோன்றும். பச்சை நிறமானால் எங்கோ ஓர் இலவசப் பிரதி உண்டு. அழுத்தினால் அங்கே கொண்டுபோகும். சாம்பல் நிறமானால் அதன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். சட்டப்படி வைக்கப்பட்ட பிரதிகளையே இது காட்டும். இதை நடத்தும் ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, மொத்த ஆய்வுக் கட்டுரைகளில் குறைந்தது 28 சதவீதம் திறந்திருந்தன. மக்கள் உண்மையில் தேடிச் சென்ற கட்டுரைகளை மட்டும் எடுத்தால் 47 சதவீதம். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று.

மூன்றாவது, 'கோர்'. பிரித்தானியாவின் ஓபன் யூனிவர்சிட்டி நடத்துவது. உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகக் களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேட உதவும்.

நான்காவது, 'ஜேஸ்டோர்'. பழைய சஞ்சிகைகளின் பெருங்களஞ்சியம். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து இலவசமாகத் தனிக்கணக்கு ஒன்று திறந்தால் 30 நாளைக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம். தரவிறக்க முடியாது, கொப்பியும் பேனையும் எடுத்துக் குறிப்பெழுத வேண்டியதுதான். எழுத்து வேலை செய்கிறவருக்கு அதுவும் நல்லதே.

ஐந்தாவது, ஆய்வேடுகள். பல கட்டுரைகள் எழுதியவரின் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவை. கட்டுரை பூட்டியிருக்கும்போது, அதைவிட விரிவான ஆய்வேடு அவர் படித்த பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடப்பதுண்டு. எழுதியவரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

பிரித்தானியர் காலத்து நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நல்ல இடம். இலங்கை மலாய் மக்களின் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்பவர்கள் பிரித்தானிய நூலகத்தின் 'அருகிவரும் ஆவணங்கள்' திட்டத்தைப் பார்க்க வேண்டும். குடும்பங்களிடம் இருந்த மலாய் ஏடுகள் அத்திட்டத்தின் கீழ் எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன.

நம் நாட்டைப் பொறுத்தவரை மூன்று இடங்களைச் சொல்வேன். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் முஸ்லிம் சமூகம், அரபு, இஸ்லாமியக் கற்கைகள் பற்றிய கட்டுரைகள் நிறைய உண்டு. 'ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் இலங்கையின் ஆய்வுச் சஞ்சிகைகள் பல இருக்கின்றன. தமிழில் என்றால் 'நூலகம்' இணையத்தளம். 2005 இலிருந்து இயங்கும் அத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் மலர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் எழுத்தாளர்களின் ஆக்கங்களும் அதில் உள்ளன.

இரண்டு எச்சரிக்கைகள். கட்டுரையைத் தருவதாகச் சொல்லி வங்கி அட்டை இலக்கம் கேட்கும் தெரியாத தளங்கள் பக்கம் போகாதீர்கள். மற்றது, முன்வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் பக்க எண்ணும் சில இடங்களில் கருத்தும் மாறியிருக்கும். எந்த வடிவத்தை வாசித்தோமோ அதையே அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும்.

எழுதியவரைக் கேட்பது

இவ்வளவையும் நான் அந்தப் பிள்ளையின் கட்டுரைக்குச் செய்து பார்த்தேன். ஸ்கொலரில் ஒரே வேர்ஷன். அன்பேவோல் சாம்பல் நிறம். கோர், ஜேஸ்டோர் எதிலும் இல்லை. கடைசியில் எல்லாவற்றிலும் பழைய வழி ஒன்று மிஞ்சியது: எழுதியவரிடமே கேட்பது.

"அவர் பெரிய பேராசிரியர் சேர். நான் எழுதினா பதில் போடுவாரா?" என்று கூச்சப்பட்டாள். நம் பிள்ளைகளிடம் உள்ள பெரிய பூட்டு இந்தக் கூச்சம்தான். கட்டுரையை விற்கும் காசில் எழுதியவருக்குப் பொதுவாக ஒரு சதமும் போவதில்லை. அவர் விரும்புவது தன் கட்டுரையை யாராவது வாசிப்பதைத்தான். தனிப்பட்ட முறையில் கேட்கும் ஆய்வாளருக்கு ஒரு பிரதி அனுப்புவதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுப்பதுமில்லை.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், எதைப் பற்றி எழுதுகிறீர்கள், எந்தக் கட்டுரை வேண்டும், ஏன் வேண்டும் என ஐந்து வரி போதும். கட்டுரையின் முழுத் தலைப்பும் வெளிவந்த வருடமும் இருக்கட்டும். எந்த ஊர் என்பதையும் எழுதச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கேட்ட கட்டுரையோடு கேட்காத இன்னொன்றையும் அந்தப் பேராசிரியர் அனுப்பியிருந்தார். "சேர், அனுப்பிட்டாரு சேர்!" என்று அவள் போனில் சத்தம் போட்டது இன்னும் காதில் கேட்கிறது.

இதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக நூலகரைப் போய்ப் பாருங்கள். தகுதிபெறும் நாடுகளின் நிறுவனங்களுக்குச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தரும் 'ரிசேர்ச் ஃபோர் லைஃப்' போன்ற திட்டங்கள் உண்டு. தன் நூலகத்துக்கு எது இருக்கிறது, எதை வெளியிலிருந்து எடுத்துத் தரலாம் என்பது நூலகருக்குத்தான் தெரியும்.

குறுக்கு வழி

இந்த விடயத்தை எழுதிவிட்டு 'சை-ஹப்' பற்றிச் சொல்லாமல் விட்டால், ஒளித்துவிட்டதாக இளைஞர்கள் நினைப்பார்கள். கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் என்ற மாணவி 2011 இல் தொடங்கிய தளம் அது. பல்கலைக்கழகங்களுக்குரிய நுழைவுக் கணக்குகளைப் பயன்படுத்திப் பூட்டிய கட்டுரைகளை எடுத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. சந்தாச் சஞ்சிகைகளின் கட்டுரைகளில் 85 சதவீதம் அதில் இருந்ததாக 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. எல்செவியர் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2017 இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்றரைக் கோடி டொலர் நட்டஈடு விதித்தது. 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரப்பட்டது.

"சேர், அதுல எடுக்கிறது ஹராமா?" என்று இன்னொரு மாணவன் கேட்டான். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது பதிப்புரிமையை மீறும் தளம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தலுக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாட்டை அங்கீகரிக்கிறது. ஆனால் அதைக் காட்டி எதையும் எப்படியும் எடுக்கலாம் என்று சொல்ல முடியாது. அதேநேரம் ஒரு மாணவன் அங்கே போவது பேராசையினால் அல்ல, வேறு வழி தெரியாமல் என்பதையும் நான் அறிவேன். ஆகவே அவனிடம் கேட்டேன்: "ஹலாலான வழி ஆறு இரிக்கி. அதுல எத்தினையப் பாத்த?" ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரியர்களாகிய நம்மில்தான் அந்தக் குறை.

நம்முடைய பூட்டு

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பேராசிரியர் தன் கடிதத்தின் கடைசியில் ஒரு உதவி கேட்டிருந்தார். 1970 களில் நம் பகுதிப் பாடசாலை ஒன்று வெளியிட்ட மலரில், ஊர்ப் பெரியவர் ஒருவர் குடிகளையும் பள்ளிவாசல் மரைக்காயர்மாரையும் பற்றி எழுதியிருந்தாராம். அன்று குறிப்பெழுதியதோடு சரி, பிரதி எடுக்கவில்லை. அதன் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

நானும் அந்தப் பிள்ளையும் தேடினோம். பாடசாலையில் ஒரு இரும்பு அலுமாரி இருந்தது. திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவாறு திறந்தபோது மலர்கள் இருந்தன, கறையான் தின்றது போக. நாங்கள் தேடிய மலரில் அட்டையும் முதல் சில பக்கங்களும் மட்டும் மிஞ்சியிருந்தன. எழுதிய பெரியவரின் வீட்டுக்குப் போனோம். வாப்பா மௌத்தான பிறகு வீடு உடைத்துக் கட்டும்போது கடதாசிகளையெல்லாம் எரித்துவிட்டதாக மகன் சொன்னார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதன் பெறுமதியை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

வெளிநாட்டு நிறுவனம் பூட்டிய கட்டுரை மூன்று நாளில் வந்து சேர்ந்தது. நாமே எழுதி, நாமே அச்சிட்டு, நாமே பூட்டி வைத்தது கிடைக்கவேயில்லை. 39 டொலர் சுவரைப் பற்றிக் கோபப்பட்ட எனக்கு அன்று தலை குனிந்துவிட்டது.

ஆகவே வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் வாசியுங்கள். ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைக்க அனுமதி இருந்தால் வைத்துவிடுங்கள். அந்தக் கைப்பிரதியை அழிக்காதீர்கள். மற்றவர்கள், உங்கள் வீட்டிலோ பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ பழைய மலர், சஞ்சிகை, துண்டுப்பிரசுரம் இருந்தால் முதலில் அவற்றுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு போனிலாவது பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ சம்மதம் பெற்று, நூலகம் போன்ற ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். நம் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 வருடம் வரை நீடிப்பதால், சம்மதம் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல.

அந்தப் பிள்ளை ஆய்வேட்டை உரிய நாளில் கையளித்தாள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல புள்ளியும் கிடைத்தது. இப்போது விடுமுறை நாட்களில் அதே பாடசாலைக்கு வந்து, அலுமாரியில் மிஞ்சியிருக்கும் மலர்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை 11 மலர்கள் முடிந்திருக்கின்றன. அலுமாரித் திறப்பு இப்போது அதிபரின் மேசை லாச்சியில், பெயர் எழுதிய அட்டையோடு இருக்கிறது.